நலம் என்று பறந்த மஞ்சள் கொடி

மஸ்கெலியாப் பக்கத்தில் மழை பிடித்துவிட்டால் எந்தத் துணியும் காயாது. காயாத துணியில் ஒரு புளித்த வாடை ஏறும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாது. நான் வேலை செய்த பங்களா ஹோட்டலின் முதலாளி கெப்டனின் கொடிகளிலும் அந்த வாடை இருந்தது. அவற்றில் ஒன்று முழுக்க மஞ்சள். கோடோ கட்டமோ வேறு நிறமோ இல்லாத வெறும் மஞ்சள் சதுரம். அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கும்போது சூடு பட்டு எழும்பும் ஆவி நேராக என் முகத்தில் அடிக்கும். அந்த நாளில் அது எனக்கு ஈரத்துணியின் வாடை மட்டும்தான். இப்போது ஹட்டனில் ஏதாவது கடையில் அந்த நிறத்தில் ஒரு சேலையை விரித்துக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கடைக்காரப் பெண் ஏன் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல ஒரு நாள் பிடிக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அந்த பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய பங்களா அது. தோட்ட நிர்வாகம் அதைக் குத்தகைக்கு விட்டபோது, கொழும்பிலிருந்து ஓய்வுபெற்ற கப்பல் கெப்டன் ஒருவர் வந்து எடுத்து ஹோட்டலாக மாற்றினார். தமிழர்தான், ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்தவர். உயரமான ஆள். காலையில் யாரும் பார்ப்பதற்கு முன்பே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசனை பூசிக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வருவார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "மகள்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டு ஆரம்பத்தில் நான் உருகிப் போனதுண்டு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்து, அதற்கு மேல் வழி தெரியாமல் நின்ற ஒருத்தியைப் பெரிய மனிதர் ஒருவர் மகளே என்று கூப்பிட்டால் உருகாமல் என்ன செய்வாள்.

பங்களாவின் புல்தரை முடியும் இடத்தில் நின்றால், தேயிலைச் சரிவுக்குக் கீழே நீர்த்தேக்கம் முழுசாகத் தெரியும். பனி மூடிய காலை வேளைகளில் அக்கரை மறைந்துவிடும். அதைப் பார்த்துத்தான் கெப்டனுக்கு அந்த யோசனை வந்ததாம். கப்பலில் இருப்பதைப் போலவே குறுக்குக் கட்டையும் கயிறுகளும் வைத்து ஒரு கொடிமரம் நட்டார். தான் வேலை பார்த்த ஏதோ ஒரு கப்பல் பழசாகி உடைப்புக்குப் போனபோது வாங்கி வந்த கொடிகளை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். வருகிறவர்களுக்குக் காலைத் தேநீரோடு கொடிகளைப் பற்றி ஒரு சின்ன விளக்கம் கொடுக்க வேண்டும், அதுதான் மற்ற ஹோட்டல்களில் இல்லாத விசேஷம் என்றார். அந்த வேலை என்னுடையதாயிற்று. லயத்து ஆட்கள் அந்த இடத்தைக் கொடி பங்களா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கடலைத் தெரியாது. கொழும்பில் ஒரே ஒருமுறை, காலி முகத்திடலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் கொடிகள் எனக்குப் பிடித்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கொடியும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து. பலவற்றைச் சேர்த்து மேலிருந்து கீழாக ஏற்றினால் கப்பலின் அடையாளத்தையோ சங்கேதத்தையோ சொல்லலாம். ஆனால் ஒரு கொடியைத் தனியாக ஏற்றினால் அது எழுத்தல்ல, முழு வாக்கியம். சிவப்பும் மஞ்சளும் மூலைவாட்டில் பிரிந்த கொடி ஏறினால், ஆள் கடலில் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். சிவப்பும் வெள்ளையும் நான்கு கட்டமாக இருந்தால், நீ ஆபத்தை நோக்கிப் போகிறாய். நீலக் கரைக்குள் வெள்ளை, அதற்குள் சிவப்புக் கட்டம் என்றால், எங்களுக்கு வைத்திய உதவி வேண்டும். தூரத்தில் கலங்காமல் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று சில நிறங்களை மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் ஏற்றியதை பிரேசில்காரன் படிப்பான். நடுவில் பாஷை தேவையில்லை. சிங்களமும் தமிழும் ஆங்கிலமுமாக மூன்று விதமாகப் பேசி நாள் முழுவதும் அல்லாடும் எனக்கு, அது ஏதோ நேர்மையான ஏற்பாடாகத் தெரிந்தது.

பதில் சொல்லவும் ஒரு கொடி உண்டு. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, முனை ஒடுங்கி நீளமாக இருக்கும். எதிரே வரும் கப்பலின் கொடியைப் பார்த்துவிட்டால் அதைப் பாதி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பார்த்தேன் என்று அர்த்தம். படித்து விளங்கிக்கொண்ட பிறகுதான் உச்சிக்கு ஏற்றுவார்கள். "பாக்கிறது வேற, விளங்கிறது வேற, மகள்," என்று கெப்டன் விருந்தினர் முன்னால் சொல்வார். "கடல்ல அதுக்கு ரெண்டு உயரம் வச்சிருக்கிறம்." எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் பின்னாளில் அதே வார்த்தையை என் வார்த்தை போலச் சொல்லியிருக்கிறேன்.

ஆட்கள் நிறைய வரத் தொடங்கியதும் கெப்டன் பங்களாவின் பின்பக்கம் புதிய அறைகள் கட்டினார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை. வெளிநாட்டு ஓடு, சுடுதண்ணீர், கண்ணாடிக் கதவு. அத்தனை அறைகளின் கழிவும் போய்ச் சேரக் குழி வேண்டுமே. பழைய குழி போதவில்லை. புதிய குழியைப் பங்களாவுக்குக் கீழ்ச் சரிவில், தேயிலைக்கு நடுவே வெட்டினார்கள். சுற்றிக் கல் வைத்துக் கட்டவில்லை. அடியில் எதுவும் பூசவில்லை. மேலே தகரமும் மண்ணும் போட்டு மூடி, அதன்மேல் ஹைட்ரேஞ்சியாச் செடி நட்டார்கள். அதற்குக் கீழேதான் எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்று. அங்கிருந்து குழாய் வழியாக வந்து, லயத்துக்குப் பக்கத்துப் பீலியில் விழும். குடிப்பதும் சமைப்பதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அந்தப் பீலித் தண்ணீரில்தான். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குழி வெட்டும் இடத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு வந்து, "இத மேல வெட்டிட்டு கீழ நம்மளக் குடிக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டார். நான் கெப்டனிடம் சொன்னேன். பொறியியலாளர் பார்த்துத்தான் செய்திருக்கிறார் என்றார். நம்பினேன்.

அந்த வருடம் மழை கூடுதல். முதலில் பீலித் தண்ணீரில் லேசாக ஒரு வாடை. குழாயில் ஏதாவது செத்துக் கிடக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் காலை என் நாத்தனார் குடத்தோடு போனவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கொழுந்து பறிப்பவள், அவள் புருசனுக்குக் கொழும்பில் கடை வேலை, அப்போது அவள் மாசமாக இருந்தாள், முதல் பிள்ளை. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில்தான் இருந்தாள். வாசலில் குடத்தை வைத்துவிட்டு அவள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அண்ணி, பீலியில சவர்க்கார நுரை வருது. நல்ல வாசனைச் சவர்க்காரம். நம்ம வீட்டுல யாரு அதப் போடுறா?"

பங்களா அறைகளில் நான் என் கையால் எடுத்து வைக்கும் சவர்க்காரத்தின் வாசனை அது. அதோடு சேர்ந்து வேறு என்ன வந்துகொண்டிருந்தது என்று நினைத்தபோது, காலைத் தேநீருக்கு வைத்திருந்த தண்ணீரை வாசலில் கொட்டினேன். எங்கோ இருந்து உல்லாசமாக வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களின் மலத்தைக் கரைத்து, நாங்கள் எங்கள் பிள்ளைகளின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உடனே கெப்டனிடம் போனேன். லயத்தின் தொழிற்சங்கத் தலைவரும் கூட வந்தார். கெப்டன் எங்களை உட்கார வைத்து, முழுவதும் கேட்டார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு குழிப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். ஹைட்ரேஞ்சியா செழித்து, நீல நீலமாகப் பூத்திருந்தது. திரும்பி வரும் வழியில் சிரித்துக்கொண்டே, "பதில் கொடிய இப்ப பாதிக்கு ஏத்தியாச்சு. பார்த்திட்டன். மிச்சத்த பிறகு பாப்பம்," என்றார். தலைவருக்கு விளங்கவில்லை; பெரிய மனிதர் சிரிக்கிறாரே என்று அவரும் சிரித்தார். எனக்கு விளங்கியது. ஊற்றில் போட ஒரு மூட்டைக் குளோரின் தூள் கொடுத்து அனுப்பினார். குழி அப்படியே இருந்தது. தோட்டக் காரியாலயத்தில் போய்க் கேட்டதற்கு, பங்களா குத்தகைக்குப் போய்விட்டது, அதற்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். தலைவர் சொல்லிச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கெப்டன் அவரைப் பகல் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார், பரிமாறியவள் நான்தான். சாப்பிட்டு முடித்துக் கொடிமரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். குழிப்பக்கம் போகவேயில்லை, மழைச் சேற்றில் சப்பாத்து பாழாகிவிடும் என்றார்.

லயத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனேன். விறகுக்கே திண்டாடுகிற மழையில் எல்லாத் தண்ணீரையும் யார் கொதிக்க வைக்க முடியும். காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் போத்தலைப் பீலியில் பிடித்து நிரப்பிக்கொண்டுதான் மலைக்குப் போவார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வாந்தியும். பிறகு கண் மஞ்சளாயிற்று. ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு என்று செங்கமாரி பரவியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். என் மகள் தப்பினாள். நாத்தனார் தப்பவில்லை. ஒரு காலையில் அவள் வெளிச்சத்துக்கு வந்து என்னைப் பார்த்தபோது, கண்ணின் வெள்ளை முழுவதும் மாறியிருந்தது. மாசமாக இருக்கிறவளுக்கு இது வந்தால் மற்றவர்களுக்கு வருவதைப் போல அல்ல என்று மிட்வைஃப் சொன்னார். அன்றைக்கே அவளை ஹட்டன் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் கூடப் போனார்.

மறுநாள் நான் கெப்டனைத் தேடிப் போனேன். அவர் காலைச் சாப்பாட்டில் இருந்தார். அவித்த முட்டையைக் கரண்டியால் தட்டி உடைத்து, ஓட்டை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார். குழியை மூட வேண்டும், புதிய அறைகளை அதுவரை பூட்ட வேண்டும், என் நாத்தனார் கண்டியில் கிடக்கிறாள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எதிரே உட்காரச் சொன்னார். மஸ்கெலியா டவுனில் காமாலை என்று கதை கிளம்பியிருக்கிறது, வரவிருந்த இரண்டு குடும்பங்கள் வரவில்லை, அதுதான் தனக்கும் கவலை என்றார். பிறகு, பிள்ளைக்குப் புத்தி சொல்கிற குரலில் ஒரு கதை சொன்னார்.

ஒரு துறைமுகத்துக்குக் கப்பல் போய்ச் சேர்கிறது. கப்பலில் சமையலுக்கு உதவி செய்கிற ஆள் ஒருவனுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, தோலில் கொப்புளம். முறைப்படி, கப்பலில் நோய் இருக்கிறது என்று கரைக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் கப்பலை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள்; நாட்கணக்கில் சும்மா நிற்க வேண்டும்; கம்பெனி கேள்வி கேட்கும். "நான் என்ன செய்தன்? மஞ்சளை ஏத்தினன்," என்றார். தனியாக ஏறும் மஞ்சள் கொடிக்கு, என் கப்பலில் எல்லோரும் நலம், துறைமுகத்துக்குள் வர அனுமதி கொடுங்கள் என்று அர்த்தம். கரையிலிருந்து வந்தவர்களிடமும் அதையே சொன்னாராம். ஆளை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாமான்களை இறக்கி ஏற்றி, சொன்ன நேரத்தில் புறப்பட்டும் விட்டார்களாம். "ஒருத்தரும் பயப்படல. ஒரு பிரச்சினையும் வரல. நிலைமைய அப்பிடித்தான் கொண்டுபோக வேணும், மகள்."

"அந்த ஆளு என்ன ஆனாரு, சார்?" என்று கேட்டேன்.

முட்டையில் உப்புத் தூவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஆள்?"

"கொப்புளம் வந்த ஆளு," என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓ, அவனா. அவன் போய்ட்டான். நடுக்கடல்ல," என்று சொல்லிவிட்டு முட்டையைக் கடித்தார். மஞ்சட்கரு அவருடைய உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, நாளையிலிருந்து மஞ்சள் கொடியைத் தனியாக ஏற்று, வருகிறவர்களுக்கு அதன் அர்த்தத்தைச் சொல், மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்றார்.

அதற்கு முன் எத்தனையோ பேர் மீது எனக்குக் கோபம் வந்திருக்கிறது. கங்காணி மேல், கடைக்காரர் மேல், என் வீட்டுக்காரர் மேல்கூட. இது கோபம் இல்லை. இலையைத் திருப்பிப் பார்க்கும்போது அடியில் அட்டை நெளிகிறதே, அப்போது கையில் ஏறும் கூச்சம். அதுதான் உடம்பு முழுவதும் ஏறியது. அந்த ஆள் கெட்டவராக உட்கார்ந்திருந்தால் பொறுத்திருப்பேன். சவரம் செய்த முகத்தோடு, சுத்தமான சட்டையோடு, என்னை மகள் என்று கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லை இவ்வளவு நாள் காதில் வாங்கி வைத்திருந்தோமே என்றுதான் அதிகம் கூசியது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கண்டியிலிருந்து போன் செய்தார். பிள்ளை வயிற்றிலேயே செத்துவிட்டது. பெண்பிள்ளை. நாத்தனார் பிழைத்துக்கொள்வாள் என்று டொக்டர் சொல்கிறார். "அவ இன்னும் கண்ணத் தொறக்கல. தொறந்தா என்னான்னு சொல்றது?" என்று கேட்டார். மறுநாள் விடிந்ததும் அவர் துணியில் சுற்றிய உடம்பை வேனில் கொண்டுவந்தார். லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து யூகலிப்டஸ் காடு தொடங்கும் இடத்தில், எங்கள் ஆட்களைப் புதைக்கும் நிலத்தின் ஓரமாகக் குழி வெட்டினார்கள். தாயும் இல்லாமல், தகப்பன் கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்கும் முன்னால், மழையில் அது முடிந்தது.

அங்கிருந்து நேராகப் பங்களாவுக்குப் போனேன். வேலைக்குப் போக வேண்டும் என்பதல்ல; எங்கே போவது என்று தெரியவில்லை. மழை விட்டிருந்தது. கொடிமரத்தில் மஞ்சள் கொடி தனியாக ஏறியிருந்தது. நான் வராததால் கெப்டனே ஏற்றியிருக்கிறார். புல்தரையில் நாற்காலிகள் போட்டு, குருநாகல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சிங்கள டீச்சரும் அவருடைய குடும்பமும், வேறு சிலரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கெப்டன் என்னைப் பார்த்ததும், வந்துவிட்டாயா என்பதைப் போல முகம் மலர்ந்து, கையைக் காட்டினார்.

டீச்சருடைய அப்பா முன்பு துறைமுகத்தில் வேலை செய்தவராம். அந்த அம்மா கொடியைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் என்னைக் கேட்டார்: "மஞ்சள் கொடி என்றால் கப்பலில் நோய் என்று எங்கள் அப்பா சொல்வார். இங்கே ஏன் அதை ஏற்றியிருக்கிறீர்கள்?"

கெப்டன் முந்திக்கொண்டார். அது பழைய காலத்து அர்த்தம், இப்போது நேர் எதிர், எல்லோரும் நலம் என்று அர்த்தம் என்று விளக்கினார். சொல்லு என்பதைப் போல என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன். சிங்களத்தில், அவசரப்படாமல் சொன்னேன். இந்தக் கொடிக்கு இப்போது நலம் என்றுதான் அர்த்தம். ஆனால் இங்கே யாரும் நலமாக இல்லை. இந்தப் புதிய அறைகளின் கழிவு எங்கள் தண்ணீரில் கலக்கிறது. லயத்தில் வீட்டுக்கு ஒருவர் செங்கமாரியில் கிடக்கிறார்கள். என் புருசனுடைய தங்கையின் பிள்ளையை இப்போதுதான் புதைத்துவிட்டு வருகிறேன். என் கையில் இருப்பது அந்த மண்.

ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். கெப்டன் எழுந்து என் பக்கத்தில் வந்தார். முகத்தில் அவ்வளவு துக்கம். "பாவம், வீட்டில் ஒரு இழப்பு. என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது," என்று அவர்களிடம் சிங்களத்தில் சொன்னார். என் தலையைத் தடவி, "போய் ஓய்வெடு மகள், இன்றைக்கு வேலை வேண்டாம்," என்றார். செத்த பிள்ளையை எடுத்துத் தனக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டார் அந்த மனிதர். அவருடைய கையை நான் தட்டிவிட்டேன். டீச்சரைப் பார்த்து, நம்பாவிட்டால் வந்து பாருங்கள் என்றேன்.

அந்த அம்மா வந்தார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் படியில் என் தோளைப் பற்றியபடி இறங்கி வந்தார். மழை குழியின் மேல்மண்ணை அரித்திருந்தது. ஹைட்ரேஞ்சியாச் செடியின் வேரடியிலிருந்து கறுப்பாக, நுரையோடு, ஒரு கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வழியே நடந்து ஊற்றுக்கு வந்து, அங்கிருந்து குழாயைப் பிடித்துப் பீலிக்கு வந்தோம். பீலியில் ஒருத்தி பால்மாப் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுத் தேயிலைச் செடிப் பக்கம் திரும்பி, குனிந்து வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, அங்கே நின்றபடியே யார் யாருக்கோ போன் செய்தார். குரல் பள்ளிக்கூடத்தில் அதட்டுவதைப் போல இருந்தது. எங்களுக்காக யாரும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் சொன்னபோது வராத அதிகாரிகள், அந்த அம்மா சொன்ன மறுநாள் நுவரெலியாவிலிருந்து இரண்டு வாகனத்தில் வந்தார்கள். அதற்கு நன்றி சொல்வதா, காறித் துப்புவதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு கண் மஞ்சளாகக் கிடந்தபோது தெரியாத அவசரம், ஒரு விருந்தினர் வாந்தி எடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தண்ணீரைப் போத்தல்களில் பிடித்துக்கொண்டு போனார்கள். பங்களாவை மூடினார்கள். லயத்துக்குச் சில வாரம் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. பிறகு அதுவும் நின்றது. என் வீட்டுக்காரரும் மற்ற ஆண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு மேலே போய், வேறோர் ஓடையிலிருந்து தாங்களே குழாய் இழுத்தார்கள். இன்றும் அதுதான் எங்கள் தண்ணீர். கெப்டன்மேல் ஏதோ விசாரணை என்றார்கள்; என்னிடம் ஒரு தடவை வாக்குமூலம் வாங்கினார்கள்; அதற்குப் பிறகு பேச்சில்லை. எனக்கு வேலை போனதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஹட்டனில் ஒரு பாலர் பாடசாலையில் இருக்கிறேன்.

நாத்தனார் வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் பேசவில்லை. யார் வந்து அழுதாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கண்ணின் மஞ்சள் வடிய மாதக்கணக்காயிற்று. உடம்பு தேறியதும் ஒரு காலையில் தானாகவே கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்துக்குப் போனாள்.

அடுத்த வருடம் பங்களா மறுபடி திறக்கப்பட்டது. வேறு பக்கத்தில் கொங்கிறீற்றுக் குழி கட்டி, அனுமதியும் வாங்கியாயிற்று. திறப்பு விழாவுக்கு லயத்து ஆட்கள் எல்லோருக்கும் அழைப்பு; பாற்சோறும் பலகாரமும் உண்டு என்றார்கள். பாதிப் பேர் போனார்கள். பிள்ளைக்குக் கண் மஞ்சளாகிக் கிடந்த வீடுகளிலிருந்தும் போனார்கள். கேட்டால், சாப்பாட்டோடு நமக்கென்ன கோபம் என்றார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அப்போது இல்லை.

அன்று காலையில் தலைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஹட்டனிலிருந்து வாங்கி வந்த பெரிய ரோசாப்பூ மாலை. நாத்தனார் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கூடைக் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கெப்டன் ஐயாவுக்கு தோட்டத்து சார்புல ஒரு மால போடணும்," என்றார் தலைவர். "கொழுந்து எடுக்கிற பொம்பள ஒருத்தி போட்டா நல்லா இருக்கும்ன்னு சொல்றாங்க. பத்திரிகைக்காரங்களும் வாராங்க. பழசெல்லாம் மறந்துட்டோம்ன்னு எல்லாருக்கும் தெரியணும்ல. நீ வந்து போடு தாயி."

நான் எழுந்துவிட்டேன். வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது. நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்து நிறுத்தினாள். ஊசியைக் கயிற்றில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, தலைவரிடம் கையை நீட்டினாள். அவர் சந்தோஷமாகக் கொடுத்தார். அவள் மாலையை இரண்டு கையாலும் வாங்கி, பூவைக் கொஞ்சம் சரி செய்தாள்.

"நான் போடுறேங்க," என்றாள். "ஆனா அந்தாளுக்கு இல்ல. எம் புள்ளைக்கு இன்னும் ஒரு பூ கூடப் போடல."

"அது ஐயாவுக்கு வாங்கினது," என்று தலைவர் பின்னாலேயே இரண்டடி வந்தார். "என்னத்தச் சொல்லி நான் அங்க நிப்பேன்?"

அவள் லயத்துக்கு மேலே போகும் பாதையில் ஏறினாள். நானும் போனேன். பங்களாவில் ஒலிபெருக்கி வைத்து நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். மலை முழுவதும் அது எதிரொலித்தது. காட்டோரத்தில் மேடு கண்ணுக்கே தெரியவில்லை. புல் மூடி, நாங்கள் தலைமாட்டில் வைத்த கல் மட்டும்தான் அடையாளம். அவள் உட்கார்ந்து கையாலேயே புல்லைப் பிடுங்கினாள். வேருக்கு அடியில் மண் சிவப்பாக வந்தது. மாலையைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தாள். பெரிய மனிதருடைய கழுத்துக்கென்று கட்டிய மாலை. அந்த மேட்டுக்கு எவ்வளவோ பெரிது. இரண்டு பக்கமும் புல்லில் வழிந்து கிடந்தது. அவள் அதை எடுத்து இரண்டாக மடித்தாள். அப்போதும் பெரிதாக இருந்தது. இன்னொரு தடவை மடித்து, மெதுவாக வைத்தாள். சரியாக இருந்தது.